பொம்மைக்காக அழுதவள்

சைதுன் பீவிக்கு என்ன வேலை என்று அரசாங்கத்தைக் கேட்டால் ஆயா வேலை என்று சொல்லும். கூட்டுவது, துடைப்பது, வெந்நீர் போடுவது, அழுக்குத் துணி அலசுவது. அதெல்லாம் அவள் செய்தாள்தான். ஆனால் அந்தத் தாய்சேய் நல விடுதியில் நான் சின்ன நர்சாகச் சேர்ந்த அன்றைக்கு, முதன்முதலாக அவளைப் பார்த்தபோது, கட்டிலில் சாய்ந்துகொண்டு, "யா அல்லா, என்னால முடியலையே!" என்று ஊரையே கூட்டிக்கொண்டிருந்தாள். நான் பதறிப்போய்க் கையிலிருந்த பெட்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். சைதுன் பீவி கத்தலை நிறுத்திவிட்டு, "புது நர்சம்மாவா? செத்த உக்காருங்க, இப்பப் பெத்துருவேன்" என்றாள்.

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. எங்கள் விடுதி காரைக்குடியிலிருந்து கோட்டையூர் போகிற வழியில் இருந்தது. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் பிள்ளைப்பேறு என்றால் வீட்டில்தான். ஊருக்கு ஊர் மருத்துவச்சி இருந்தாள். அவர்களை விலக்கிவிடலாம் என்றால் அந்த இடத்தில் போய் நிற்க வேறு ஆள் கிடையாது. அதனால் அவர்களையே வரவழைத்து, சோப்புப் போட்டுக் கை கழுவுவது, கொதிக்கவைத்த பிளேடால் தொப்புள்கொடி அறுப்பது என்று பழக்கிவிடச் சொல்லி மேலேயிருந்து உத்தரவு வந்தது. உத்தரவு போடுகிறவர்களுக்கு என்ன, போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். எதை வைத்துப் பழக்குவது என்று ஒருவரும் சொல்லவில்லை. பொம்மை வரும், பொம்மை வரும் என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்ததுதான் மிச்சம்.

எங்கள் பெரிய நர்சு சவேரியம்மாள் தேவகோட்டைக்காரர். காத்திருந்து பார்த்துவிட்டுத் தாமே ஏற்பாடு செய்துகொண்டார். ஒரு மரப்பெட்டியில் வட்டமாகத் துளை போட்டு, பழைய பஸ் டயர் டியூபை அறுத்து அதற்குள் பொருத்தினார். அதுதான் பிள்ளை வருகிற வழி. பிள்ளையைக் கொடுத்தவர் சிகப்பி ஆச்சி. விடுதியை ஒட்டிப் பூட்டிக் கிடந்த பெரிய வீடு அவருடையது. அதில் இரண்டாங்கட்டை, உள்முற்றத்துப் பகுதியை, திறந்து வகுப்பு நடத்திக்கொள்ளச் சொன்னவரும் அவர்தான். ரங்கூனிலிருந்து அவருடைய தகப்பனார் வாங்கிவந்து கல்யாணச் சீரில் வைத்த செல்லுலாய்டு பொம்மை அது. நீலக் கண், படுக்கவைத்தால் மூடிக்கொள்ளும். "தலைகீழாத் தொங்கவிட்டு அடிக்காதீக, அதுவும் பிள்ளைதான்" என்று சொல்லிக் கொடுத்தார். அன்றைக்கே அதைத் தலைகீழாகத் தொங்கவிட்டு அடித்தார்களாம். பாடத்தில் அப்படித்தான் இருந்தது.

பெட்டியும் பிள்ளையும் கிடைத்துவிட்டன. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, பின்னாலிருந்து பொம்மையைத் தள்ளி, வலி வந்தவளாகக் கத்துகிறதற்கு ஓர் ஆள் வேண்டுமே. கல்யாணமானவள் எவளைக் கேட்டாலும் மாட்டேன் என்றாள், ஆகாதவளை யாரும் கேட்க முடியாது. சைதுன் பீவி புருஷன் அல்லாபிச்சையைப் பறிகொடுத்து அப்போது நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. "எனக்கென்ன, படுக்கத்தானே சொல்றீக. நின்னு நின்னு கால் ஓஞ்சுபோச்சு" என்று வந்து படுத்தாள். படுப்பது எவ்வளவு பெரிய வேலை என்பது அவளுக்கு அப்போது தெரியாது.

வகுப்பில் பத்துப் பெண்கள் இருந்தால் பத்துப் பேருக்கும் அவள் பெற வேண்டும். வயிற்றைத் தொட்டுத் தலை எங்கே இருக்கிறது என்று பார்க்கிற பாடமும் அவள் மேல்தான். பொம்மையை வயிற்றோடு துணியால் கட்டிக்கொண்டு படுத்திருப்பாள். ஒருத்தி அமுக்குவாள், ஒருத்தி குத்துவாள். "ஏத்தா, இது வயிறு, பரோட்டா மாவு இல்ல!" என்று கத்துவாள். இதில் இன்னொரு கூத்து. பொம்மைப் பிரசவமாக இருந்தாலும் பிரசவம் பார்த்தால் தீட்டு என்று, முறை முடிந்த பெண் ஒவ்வொருத்தியும் கிணற்றடிக்குப் போய்த் தலைமுழுகிவிட்டு வருவாள். சவேரியம்மாள் கோபப்பட்டுப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார், நடக்கவில்லை. அத்தனை பேருக்கும் தண்ணீர் இறைத்து ஊற்றுவது யார்? பெற்றவளேதான். பெற்றுவிட்டு எழுந்துபோய் இறைப்பாள், இறைத்துவிட்டு வந்து மறுபடி பெறுவாள். சாயங்காலம் அவள் முகத்தைப் பார்க்கச் சகிக்காது.

பொம்மை பிறந்ததும் அழ வேண்டும். செல்லுலாய்டு எங்கே அழுவது! அதற்கும் சைதுன் பீவிதான். பிள்ளையின் வாயைத் துணி சுற்றிய விரலால் துடைத்ததும், "ங்ஙேஏ" என்று ஓர் அழுகை அழுவாள் பாருங்கள், வெளியே சாலையில் சந்தைக்குப் போகிற பெண்கள் நின்று, "என்ன பிள்ளை, ஆணா பொண்ணா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அந்தச் சத்தம் கேட்டால் பாடம் முடிந்தது, குளிக்கப் போகலாம். அந்தப் பெண்களுக்கு அது பள்ளிக்கூட மணி மாதிரி ஆகிவிட்டது.

பாடங்களில் ஒன்றுதான் தகராறு. பிறந்து அழாத பிள்ளை. வாயைத் துடைக்க வேண்டும், உள்ளங்காலில் சுண்ட வேண்டும், அதற்கும் மூச்சு வராவிட்டால் மெல்லிய துணியை வாயில் போட்டு, கன்னத்துக் காற்றை மட்டும் எடுத்து மெதுவாக ஊத வேண்டும். மூச்சு வருகிறவரை ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். சவேரியம்மாள் அந்தப் பாடத்துக்கு முன்னால் கட்டிலருகே வந்து சொல்வார்:

"சைதுன், இது அழாத பிள்ளை. நான் கண்ணைக் காட்டுற வரைக்கும் நீ வாயத் தொறக்கக் கூடாது."

"சரிம்மா."

பெண் குனிந்து ஊதுவாள். ஒரு தடவை. இரண்டு தடவை. அவ்வளவுதான், "ங்ஙேஏ!"

"சைதுன்!"

"வந்துருச்சும்மா. நான் என்ன செய்யட்டும்?"

"வந்துருச்சா? அது என்ன விக்கலா, தானா வர்றதுக்கு?"

பெண்கள் சிரிப்பார்கள். சவேரியம்மாளும் கடைசியில் சிரித்துவிடுவார். எனக்குத்தான் எரிச்சலாக வரும். சம்பளம் வாங்குகிறாள், சொன்னதைச் செய்தால் என்ன என்று இருக்கும். ஒரு நாள் கிணற்றடியில் துணி பிழிந்துகொண்டிருந்தவளிடம் கேட்டே விட்டேன்.

"ஏன்க்கா, வேணும்னுதானே அழுகுறீக?"

அவள் பிழிந்த துணியை உதறிக் கொடியில் போட்டாள். அப்புறம் சொன்னாள்: "நான் நாலு பெத்தேன் நர்சம்மா. மூணு வாயத் தொறக்கவே இல்ல. ஒரு சத்தம், ஒரே ஒரு சத்தம் கேட்டாப் போதும்னு கெடந்தேன். கேக்கல. துணியில சுத்தி எடுத்துக்கிட்டுப் போயிட்டாக. நாலாவதா இந்தப் பல்கீஸ் வந்தா. வந்த உடனே வீல்னு ஒரு கத்து. அன்னைக்குத்தான் நான் கண்ண மூடித் தூங்குனேன்."

"இது பொம்மைதானேக்கா."

"பொம்மைதான். எங் காலுக்கு நடுவுலேருந்துல்ல வருது."

நான் வாளியிலிருந்து அடுத்த துணியை எடுத்து அவளிடம் கொடுத்தேன்.

அடுத்த வருஷம் அந்தப் பல்கீஸுக்கே பிள்ளை உண்டானது. மாப்பிள்ளை சேக் பரீது பினாங்கில் கடையில் இருந்தார். கல்யாணத்துக்கு வந்து நாலு மாதம் இருந்துவிட்டுக் கப்பலேறிவிட்டார். பல்கீஸ் ஏழாம் மாதம் தாய்வீட்டுக்கு வந்தாள். சைதுன் பீவிக்குத் தலைகால் புரியவில்லை. நின்றால் பல்கீஸ், உட்கார்ந்தால் பல்கீஸ். வாய் திறக்காமல் போன தன் மூன்று பிள்ளைகளுக்கும் சேர்த்து இந்த ஒன்று கத்திப் பிறக்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு உலகத்தில் வேண்டியிருந்தது. நாகூருக்கு நேர்ந்துகொண்டாள். எங்கள் சவேரியம்மாளின் மாதாவுக்கும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றச் சொன்னாள்.

அந்த வாரம் அழாத பிள்ளைப் பாடம் வந்தபோது கட்டிலிலிருந்து எழுந்து உட்கார்ந்துகொண்டாள்.

"அம்மா, இந்தப் பாடத்துக்கு என்னைக் கூப்புடாதீக. வீட்ல வயித்துப்பிள்ளைக்காரி இருக்கா. அவளப் படுக்க வச்சுட்டு வந்து இங்குட்டு நான் அழாத பிள்ளையப் பெத்தா அடுக்குமா? எந்தத் தாயாச்சும் செய்வாளா?"

"உம் மகளுக்கு வேண்டித்தான்டி சொல்றேன்" என்றார் சவேரியம்மாள். "நாளைக்கு அவளுக்குப் பாக்கப்போறவ இங்கே உக்காந்திருக்கவளா இருந்தா?"

"வாயக் கழுவுங்கம்மா!" சைதுன் பீவி காதைப் பொத்திக்கொண்டாள். பெண்கள் எல்லோரும் அவள் பக்கம். ஒருத்தி கட்டிலைச் சுற்றி வந்து அவளுக்குத் திருஷ்டி கழித்தாள். அவள் இடத்தில் நான் படுத்துப் பார்த்தேன். என் அழுகையைக் கேட்டு, பூனை வாலை யாரோ மிதித்துவிட்டார்கள் என்று சிரித்த சிரிப்பில் அன்றைய வகுப்பே போயிற்று. சவேரியம்மாள் களைத்துப்போயிருந்தார். விடுதியில் நாலு கட்டில், அதில் ஆறு பேர், மாதக் கூட்டம், தடுப்பூசி, கிணற்றில் தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது. "சரி, ரெண்டு ஊதலுக்காவது சும்மா கெட. அப்புறம் அழுதுக்கோ" என்று விட்டுவிட்டார். அந்த அணிப் பெண்கள் எல்லோரும் அழாத பிள்ளைக்கு அப்படித்தான் பழகினார்கள். இரண்டு ஊதல், நிமிர்ந்து சைதுன் பீவி முகத்தைப் பார்ப்பது, அழுகை.

அந்த அணியில் அழகு என்று ஒருத்தி. கோட்டையூர்க்காரி, பாட்டி காலத்திலிருந்து பிள்ளைப்பேறு பார்க்கிற வீடு. அதிகம் பேசமாட்டாள். சொன்னதைச் சொன்னபடி செய்வாள். அவள் வந்து வயிற்றில் கை வைத்தால் மட்டும் சைதுன் பீவி கத்தாமல் கண்ணை மூடிக்கொண்டு கிடப்பாள். ஒரு நாள் என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "இவ கை அவசரப்படாத கை நர்சம்மா. நீங்க பக்கத்துல இல்லாட்டி எம் மகளுக்கு இவதான்." பயிற்சி முடிந்து பிரசவச் சாமான் வைத்த அலுமினியப் பெட்டி வாங்கிக்கொண்டு போகும்போது அழகுவிடம் அதைச் சொல்லியும் வைத்தாள்.

நாங்கள் பக்கத்தில் இல்லாமல்தான் போனோம். பங்குனி மாதம். சவேரியம்மாள் மாதக் கூட்டத்துக்குத் திருப்பத்தூர் போயிருந்தார். எனக்குக் கானாடுகாத்தானில் ஒரு பிரசவம், விடியக் காலையிலேயே வண்டி வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டது. பல்கீஸுக்கு நாள் இன்னும் இருந்தது. அது பாட்டுக்குக் காலையில் வலி எடுத்துவிட்டது. நர்சு இல்லாத விடுதியில் வெறுங்கட்டிலில் கொண்டுபோய்ப் போட்டு என்ன செய்ய என்று சைதுன் பீவி அழகுவுக்கு ஆள் அனுப்பினாள். அழகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

அதற்கப்புறம் நடந்ததை அழகுதான் எனக்குச் சொன்னாள். சைதுன் பீவியைத் தனியாகக் கேட்டபோது அவளும் இதையேதான் சொன்னாள்.

அழகு ஒரு தவறும் செய்யவில்லை. முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினாள். பிளேடைக் கொதிக்கவைத்தாள். உச்சி வெயிலில் ஓட்டு வீடு கொதித்தது. பல்கீஸின் தலைமாட்டில் சைதுன் பீவி உட்கார்ந்து மகளின் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிள்ளையின் தலை வந்தது, கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. அழகு பதறாமல் விரலை விட்டுக் கொடியைத் தலைக்கு மேலே எடுத்தாள். பெண் பிள்ளை. நீலம் பாய்ந்திருந்தது, துவண்டு கிடந்தது. வாயைத் துடைத்தாள். உள்ளங்காலில் சுண்டினாள். கொடியைக் கட்டி அறுத்தாள். துணியைப் போட்டு ஊதினாள். ஒரு தடவை, இரண்டு தடவை.

அப்புறம் நிமிர்ந்து சைதுன் பீவியின் முகத்தைப் பார்த்தாள்.

அந்த இடத்தில் நிமிர்ந்துதான் அவளுக்குப் பழக்கம். கை பழகின மாதிரியே கழுத்தும் பழகிவிட்டிருந்தது. அவள் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். பிள்ளை ஆணா பெண்ணா என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்து சைதுன் பீவியும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் அப்படியே எவ்வளவு நேரம் இருந்தார்களோ. அழகு கண் மூடித் திறக்கிற நேரம்தான் என்றாள். சைதுன் பீவி உலையில் அரிசி போட்டுக் கொதி வருகிற நேரம் என்றாள். இரண்டுக்கும் நடுவில் எங்கேயாவது இருக்கும்.

"என்னத்தா பாக்குற?" என்றாள் சைதுன் பீவி.

"இன்னும் சத்தம் வரலையேக்கா" என்றாள் அழகு, அவள் வாயையே பார்த்துக்கொண்டு.

சைதுன் பீவிக்கு அப்போதுதான் புரிந்தது. "அடிப்பாவி! நான் அழமாட்டேன்டி! இது பொம்ம இல்லடி! என்னைப் பாக்காத, பிள்ளையப் பாரு! ஊதுடி!"

அழகு குனிந்து ஊதினாள். இரண்டு ஊதலுக்கு ஒருதரம் தலை தானாக நிமிர்ந்தது. சைதுன் பீவி மகளை விட்டுவிட்டு வந்து அழகுவின் பிடரியில் கை வைத்து, நிமிரவிடாமல் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஊது, ஊது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பல்கீஸ் என்ன, என்ன என்று கேட்டுக்கொண்டே கிடந்தாள். கடைசியில் பிள்ளை ஒரு முனகல் முனகியது. தொண்டையில் ஏதோ சிக்கின மாதிரி, பாதி அழுகை.

அந்த நேரத்துக்குத்தான் நான் பஸ்ஸை விட்டு இறங்கி, சேதி கேட்டு ஓடிவந்து சேர்ந்தேன். பிள்ளையைத் துண்டில் பொதிந்து எடுத்துக்கொண்டு காரைக்குடி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பிழைத்துக்கொண்டது. லத்தீபா என்று பேர் வைத்தார்கள்.

பிழைத்ததே தவிர, ஆறு மாதமாகியும் தலை நிற்கவில்லை. ஒரு வயதில் உட்காரவில்லை. மதுரையில் பெரிய டாக்டரிடம் காட்டினோம். பிறந்த உடனே மூளைக்குக் காற்றுப் போகத் தாமதமாகியிருக்கிறது என்றார். கொடி சுற்றியிருந்தது, அது ஒன்றே போதும், பிள்ளை வெளியே வருகிறதற்கு முன்பே கூட நடந்திருக்கலாம். இதை நான் சைதுன் பீவியிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! கேட்டுக்கொள்வாள். "இருக்கும்" என்பாள். அழகுவை அவள் ஒருநாளும் ஏசவில்லை. அழகுதான் வெகு நாள் எங்கள் தெருப் பக்கமே வராமல் சுற்றிக்கொண்டு போனாள்.

நான் சொல்ல வந்தது அதற்கு முன்னால் நடந்தது. பிள்ளைக்கு நாற்பது நாள் கழிந்து சைதுன் பீவி வேலைக்குத் திரும்பின அன்று புது அணி வந்திருந்தது. அவள் தண்ணீர் இறைத்து வைத்துவிட்டு வந்து கட்டிலில் சாய்ந்தாள். சவேரியம்மாளுக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"சைதுன், இந்தத் தடவை அழாத பிள்ளைப் பாடத்த நான் வாயால சொல்லி முடிச்சிருறேன். நீ வேற வேலையப் பாரு."

"வைங்கம்மா" என்றாள் சைதுன் பீவி. "அதையே மொதல்ல வைங்க."

பெட்டியை மடியில் வைத்துப் போர்வையை மூடினோம். அன்றைக்கு அவள் வலிக்காகக் கத்தவில்லை. பொம்மையைத் தள்ளிவிட்டாள். திருப்பத்தூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி ஏந்தினாள், துடைத்தாள், சுண்டினாள், துணி போட்டு ஊதினாள். ஊதிவிட்டு, எல்லோரும் செய்கிற மாதிரி நிமிர்ந்து கட்டிலைப் பார்த்தாள். சைதுன் பீவி சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் மறுபடி ஊதினாள். மறுபடி. நெற்றியில் வேர்த்தது. செல்லுலாய்டில் எவ்வளவு ஊதினால்தான் என்ன?

"அக்கா, போதுமா?"

கேட்டுவிட்டு இன்னொரு தடவை ஊதினாள்.

"செத்துப்போச்சாக்கா?"

சைதுன் பீவி தலைப்பை எடுத்தாள். "எனக்கு எப்படித்தா தெரியும்? என்னைப் பாக்காத. பிள்ளையப் பாரு."

அந்தப் பெண்ணுக்கு அழுகையே வந்துவிட்டது. அழுதுகொண்டே ஊதினாள். யாரும் சிரிக்கவில்லை. கடைசியில் சவேரியம்மாள் எழுந்துவந்து அவள் முதுகில் தட்டி, "மூச்சு வந்துருச்சு, விடு" என்றார். அன்றைக்கு அந்தப் பெண் குளிக்கப் போகக்கூட மறந்து சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாள். அடுத்தவள் முறை வந்ததும் அவளுக்கும் இதேதான். அதற்கப்புறம் சைதுன் பீவி பொம்மைக்காக அழவே இல்லை. நல்ல பிள்ளைக்கும் இல்லை, அழாத பிள்ளைக்கும் இல்லை. வருகிற பெண்கள் அவளைக் கல்நெஞ்சுக்காரி என்றார்கள். பழைய அழுகையை அவர்கள் கேட்டதில்லை.

வருஷங்கள் ஓடின. பல்கீஸுக்கு இரண்டாவது பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. சேக் பரீது பல்கீஸையும் அந்தப் பிள்ளையையும் பினாங்குக்கு அழைத்துக்கொண்டார். லத்தீபாவை அங்கே யார் பார்ப்பது என்று ஆத்தாளிடமே விட்டுவிட்டுப் போனாள். போகிற அன்றைக்கு அழுதாள்தான், இல்லையென்று சொல்லவில்லை. சைதுன் பீவி லத்தீபாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வேலைக்கு வந்தாள். கால் இரண்டும் கத்தரிக்கோலாகப் பின்னிக்கொள்ளும், இடுப்பில் நிற்காது, நழுவும். இரண்டாங்கட்டில் தூணோரம் பாய் விரித்துப் படுக்கவைத்துவிட்டுக் கட்டிலில் ஏறிக்கொள்வாள். சவேரியம்மாள் பணி முடிந்து தேவகோட்டைக்கே போனார். பெரிய நர்சு வேலை என் தலையில் விழுந்தது. டயர் டியூப் மூன்று தடவை மாறியது. பொம்மைக்கு ஒரு கண் மூடவில்லை. அரசாங்கத்தின் பொம்மை அப்போதும் வரவில்லை.

எழுபத்து நாலோ ஐந்தோ, ஒரு வகுப்பு நாளில் வீராயி வந்தாள். முந்தின வருஷம் எங்களிடம் பழகிப் போனவள். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம், கற்கண்டுப் பொட்டலம். நேரே சைதுன் பீவியிடம் போய் அவள் காலைத் தொட்டாள்.

"என்னத்தா இது, எந்திரி" என்றாள் சைதுன் பீவி.

"எங்க ஊர்ல ஒரு பிள்ளைக்கா. அழுகல. கட்டையாக் கெடந்துச்சு. வீட்டுக்காரக மண்வெட்டிய எடுத்துட்டாக. நான் ஊதுனேன். ரெண்டு ஊதுனேன், நாலு ஊதுனேன், ஒண்ணுமில்ல. நிமிந்தா நீங்க வாயப் பொத்திக்கிட்டுக் கெடக்குறதுதான் கண்ணுல வருது. அதனால நிமிரவே இல்ல. எல்லாரும் போதும் போதும்னாக, நான் நிமிரவே இல்லக்கா. கத்திருச்சு! இப்பத் தவழுது. சேட்டைன்னா அப்படி ஒரு சேட்டை."

சைதுன் பீவி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். "நல்லா இருக்கட்டும். அல்லா ஆயுசக் குடுக்கட்டும்" என்றாள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று வீராயி போய்விட்டாள். சைதுன் பீவி பாயில் உட்கார்ந்து, லத்தீபாவின் தலையை மடியில் எடுத்துவைத்து, கற்கண்டை அம்மிக்கல்லில் தட்டித் தூளாக்கி, விரலால் தொட்டு அவள் நாக்கில் வைத்தாள். எட்டு வயது, அப்போதும் அதற்கு மெல்லத் தெரியாது. இனிப்பு பட்டதும் அது வாயைக் கோணிக்கொண்டு சிரித்தது.

நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஏதாவது நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். "பாத்தீகளாக்கா, நீங்க கெடந்த கெடப்புக்கு ஒரு உசிரு பொழச்சிருக்கு" என்றேன்.

அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். "பொழைக்கட்டும் நர்சம்மா. எனக்குச் சந்தோசந்தான். ஆனா எனக்கு எரியுது. வயிறு பத்தி எரியுது. நான் வாய மூடுனது யார் பிள்ளைக்கோ போயிச் சேந்துருச்சு. எம் பிள்ளைக்குப் போகலையே. அன்னைக்கு அந்தப் பாடத்துல பொம்மைக்கும் நான் இவளுக்காகத்தானே அழுதேன்!"

லத்தீபாவின் வாயோரம் வழிந்த எச்சிலை அவள் தலைப்பால் துடைத்தாள். தலைக்கடியில் துணியை மடித்து வைத்துவிட்டு, முழங்காலில் கையை ஊன்றி எழுந்து கிணற்றடிக்குப் போனாள். வகுப்பு முடிவதற்குள் பத்துப் பேர் குளிக்கத் தண்ணீர் இறைத்தாக வேண்டும்.